மாவுக்கட்டு பிரித்த பிறகு என்ன செய்வது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி, மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருப்பதாகவும் கை எப்போது பழையபடி ஆகும் என்றும் கேட்டிருந்தார். ஆறு வாரம் கட்டு இருக்கும், அதுவரை கைக்கு ஓய்வு கொடுங்கள், பிறகும் சில மாதம் கனம் தூக்க வேண்டாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போன வருஷம் என்னிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எலும்பு கூடிய பிறகும் மூன்றரை மாதம் என் வலது கையை நானே முடக்கி வைத்திருந்தேன். அந்த வாசகிக்கு அப்படி ஆகக் கூடாது. அதற்காகத்தான் ரங்கூனிலிருந்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61 வயது. தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு சொந்தபந்தத்தில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். தாம்வேயில் வீடு. வாசலிலேயே காலையில் நானும் மருமகளும் இட்லி, தோசை போட்டு விற்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். தோசை ஊற்றுவதும் கரும்பலகையில் எழுதுவதும் வலது கைதான்.

ஆடி பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு விழுந்தேன். இங்கே மழை வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரைக்கும் விடாது. சிமெண்டுத் தரையெல்லாம் பச்சைப் பாசி படிந்துவிடும். எங்கள் வீட்டுப் பின்வாசலில் மூன்று படி. விடியற்காலை நாலரை மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில், தண்ணீர் எடுக்க இறங்கினேன். கடைசிப் படியில் கால் வழுக்கியது. விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். உள்ளங்கை தரையில் பட்ட அதே நொடி, காய்ந்த முருங்கைக் கொம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் மாதக்கணக்கில் என்னை ஆட்டி வைத்தது அந்த வலி இல்லை, அந்தச் சத்தம்.

முன்கையில் இரண்டு எலும்பு இருக்கிறது அல்லவா, அதில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஆர எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கை பார்ப்பதற்கு வளைந்த கரண்டி மாதிரி இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது சர்வசாதாரணமாக வருகிற முறிவு. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் கெட்டி குறைந்துகொண்டே வருவதால், நின்ற இடத்தில் சறுக்கிக் கை ஊன்றினாலே போதும். அயர்லாந்து டாக்டர் ஏபிரகாம் காலிஸ் 1814-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர் பெயரால்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள் என்று என் மகன் படித்துக் காட்டினான். எக்ஸ்ரே வந்ததே 1895-ல்தான். அதற்கு 81 வருஷம் முன்பே கையால் தொட்டுப் பார்த்தே இன்ன இடத்தில் முறிந்திருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கை என்றைக்காவது ஒரு நாள் வலியில்லாமல் எல்லாப் பக்கமும் அசையும் என்றும் அவர் எழுதியிருக்கிறாராம். இருநூறு வருஷத்துக்கு முன்பு இருந்தவர்களுக்குக் கிடைத்த அந்த ஆறுதல் வார்த்தையைக் கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டு இருந்த ஆறு வாரத்தில் நான் செய்த முதல் தவறு, விரல்களையும் அசைக்காமல் வைத்திருந்தது. கட்டுக்கு வெளியே விரல்கள் சும்மாதான் இருந்தன. அவற்றை மடக்கி நீட்டி, தோளையும் முழங்கையையும் சுற்றிக்கொண்டிருந்தால் வீக்கம் வடிந்திருக்கும். நர்ஸ் ஒருவர் போகிற போக்கில் ஏதோ சொன்னார் போலிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என் காதில் விழவில்லை. நானோ பழைய புடவையைக் கிழித்துத் தூளி மாதிரிக் கட்டி, கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். பெகுவில் இருக்கிற அக்கா தினமும் போனில், "ஆட்டாதடி, ஆட்டாதடி. ஒடிஞ்ச எலும்பு கோணக்கூடிப் போயிரும்" என்பாள். பக்கத்து வீட்டில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேத்தி எனக்குத் தலைவாரிவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். விரல்கள் பனங்கிழங்கு மாதிரி வீங்கிக்கொண்டே போயின.

ஆவணியில் கட்டு பிரித்தார்கள். அந்த நாளைப் பற்றி எழுதாமல் மற்றதை எழுத முடியாது. கட்டு அறுக்கிற இயந்திரம் கீச்சென்று கத்தியது. கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்ததும் ஒரு புளித்த வாடை. உள்ளே இருந்தது என் கையாகத் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே சதை வற்றி, தோல் சாம்பல் பூத்து உரிந்து, முடி கருகருவென்று அடர்ந்து கிடந்தது. மணிக்கட்டு மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. ஆறு வாரம் அந்தக் கட்டு சுமந்த பாரத்தை இப்போது யார் சுமப்பது என்றுதான் எனக்குத் தோன்றியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு கூடிடுச்சு. பார்த்து நடந்துக்கோங்க, கனம் தூக்காதீங்க" என்றார். வெளியே வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு நிமிஷம்தான் அவரால் கொடுக்க முடிந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் 'கையை இப்படித் திருப்புங்கள், அப்படி மடக்குங்கள், வலிக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்' என்ற பேச்சு வரவே இல்லை. 'பார்த்து நடந்துக்கோங்க' என்பதை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மூன்றாம் நாள் கதவுச் சாவியைத் திருப்பப் போனேன். மணிக்கட்டுக்குள் 'களுக்' என்று ஒரு சத்தம், கூடவே சுருக்கென்று வலி. மறுபடி ஒடிந்துவிட்டது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகன் டாக்சி பிடித்து அழைத்துப் போனான். திரும்ப எக்ஸ்ரே. ஒன்றும் இல்லை, எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார்கள். பல நாள் அசையாமல் கிடந்த மூட்டும் தசைநாணும் முதலில் அசையும்போது இப்படிச் சத்தம் போடுவது உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாது. படத்தைக் கண்ணால் பார்த்தேன், சரிதான் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தூளியைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் வந்த மூன்றரை மாதத்தில் என் கை படிப்படியாகச் சுருங்கிப்போனது. தோசைக்கல் முன்னால் இடது கையால் நின்றேன். வட்டம் வரவில்லை, மருமகள்தான் முழுக்கப் பார்த்துக்கொண்டாள். பேருந்தில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று வெளியே போவதை நிறுத்தினேன். ஞாயிறு வகுப்பில் கரும்பலகையில் எழுத ஒரு பெரிய பையனை நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் 'ழ' போடுகிற விதம் எனக்குப் பிடிக்காது, எழுந்து போய்த் திருத்தவும் கை வராது. ராத்திரி தூக்கத்தில் கை அசைந்துவிடக் கூடாது என்று இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துப் படுத்தேன். கார்த்திகைக்குள் தோளும் இறுகிவிட்டது. முறிந்தது மணிக்கட்டு, தூக்க முடியாமல் போனது தோள்.

அனோரதா சாலையில் இருக்கிற காளி கோயில் நம் ஆட்கள் 1871-ல் கட்டியது. சின்ன வயதிலிருந்து நான் போகிற கோயில். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனேன். குருக்கள் திருநீறு கொடுக்க வந்தார். வலது கையை நீட்டினேன். உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பவில்லை. பாதி திரும்பி, ஒருக்களித்த மாதிரி நின்றுவிட்டது. அவர் போட்ட திருநீறு விரலிடுக்கு வழியாகக் கீழே கொட்டியது. "இடது கையால தாங்கிக்கோங்கம்மா, பரவாயில்லை" என்று அவர் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்கடுத்த வாரங்களில் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கும்பிடுவது என்றால் கூட, இரண்டு உள்ளங்கையும் சேராது. வலது மணிக்கட்டு பின்னால் மடங்க வேண்டுமே! பெரியவர்களை வணங்குகிற ததிஞ்சுட் என்ற பர்மியப் பண்டிகைக்கு எதிர்வீட்டு பர்மியப் பாட்டியை வணங்கப் போனேன். வருஷா வருஷம் போவது வழக்கம். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் குனிந்தேன். பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார்.

மார்கழி தொடக்கத்தில்தான் விடிவு வந்தது, அதுவும் இட்லி வாங்க வந்த ஒருத்தியால். எங்களிடம் தினமும் இட்லி வாங்குகிற ஒரு பர்மியப் பெண், இன்செயினில் இருக்கிற மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம் படித்தவள். நான் இடது கையால் சட்னி ஊற்றுவதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறாள். "அமே, கட்டு பிரித்து எத்தனை மாதம் ஆச்சு?" என்று கேட்டாள். இங்கே பெரியவர்களை அப்படித்தான் அம்மா என்று கூப்பிடுவார்கள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அன்று சாயந்தரமே வந்தாள்.

முதலில் எக்ஸ்ரே இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு கையை மேஜை மேல் வைக்கச் சொன்னாள். மெல்லத் திருப்பச் சொல்லி, "நாலா?" என்று கேட்டாள். வலிக்கிறதா என்று அர்த்தம். வலிக்கிறது என்றேன். கொஞ்சம் குறைத்தாள். இன்னொரு முறை. "நாலா?" வலிக்கிறது. மூன்றாவது முறை அவள் கையைத் தொடுவதற்கு முன்பே நான் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஜௌலா?" என்றாள். பயமாக இருக்கிறதா? ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்டதில்லை. வீக்கம் இருக்கிறதா, வலி இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா என்று எல்லாரும் கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் அவள் ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் 17 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் பர்மிய மொழியில் படித்துச் சொல்லி, ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று 1 முதல் 4 வரை எண் போட்டாள். வலி வந்தால் எங்கோ காயம் ஆகிவிட்டது என்று அர்த்தம், உடம்பை அசைத்தால் கேடு வரும் என்பது மாதிரியான வாக்கியங்கள். மிகக் குறைவாக 17, அதிகபட்சம் 68. 37-க்கு மேல் போனால் பயம் அதிகம் என்று கணக்கு. எனக்கு 51 வந்தது. இந்தப் பயத்துக்குப் பெயரே இருக்கிறது என்றாள்: கினீசியோபோபியா. அசைவதற்குப் பயப்படுவது. முதுகுவலிக்காரர்களிடம் முதலில் பார்த்து, 1990 வாக்கில் பெயர் வைத்தார்களாம். எனக்குக் கோழைத்தனம் இல்லை, உலகத்தில் எத்தனையோ பேருக்கு வருகிற ஒன்றுதான் என்று தெரிந்த அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். முறிந்த எலும்பு முதல் இரண்டு மூன்று வாரத்தில் மெத்தென்ற சவ்வு மாதிரி ஒட்டுகிறது. ஆறு வாரத்தில் பெரும்பாலும் கெட்டிப்பட்டு விடுகிறது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு எலும்புக்கு வேலை வேண்டும். வேலை கொடுத்தால்தான் அது இறுகும். சும்மா வைத்தால் மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு சுருங்கும், தசை வற்றும். சுருங்கினதை நீட்டும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலி எலும்பு முறிகிற வலி இல்லை. திருடன் வந்துபோன வீட்டு நாய் மறுநாளிலிருந்து பால்காரரைப் பார்த்தும் குரைக்கும் அல்லவா? என் கை நரம்புகள் அப்படித்தான் ஆகியிருந்தன. நான் அசைக்காமல் இருக்க இருக்க இன்னும் வலித்தது, வலிக்க வலிக்க இன்னும் அசைக்காமல் இருந்தேன். அந்தச் சுழலுக்குள் கிடந்தேன்.

வலியை அளக்க அவள் ஒரு வழி சொன்னாள். பயிற்சியின்போது வலி கொஞ்சம் கூடி, முடித்த அரைமணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாள் காலை வரைக்கும் வலியும் வீக்கமும் தங்கினால் முந்தின நாள் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம். எனக்கு இது பெரிய பிடிமானமாக இருந்தது.

பயிற்சி எல்லாம் வீட்டுச் சாமான்களோடுதான். வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் கையை விட்டு விரல்களை மடக்கி விரிப்பது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, வெறும் கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்ப்பது. திருநீறு வாங்குகிற திருப்பம் அதில்தான் இருக்கிறது. பிறகு கும்பிடுவது. நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, பிரியாமல் கையை வயிற்றை நோக்கி மெதுவாக இறக்க வேண்டும். இதையே பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சாமி படத்துக்கு முன்னால் நின்று செய்வேன். முதல் வாரம் விரல்நுனி மட்டும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஐந்தைந்து நிமிஷம். "பியே பியே, அமே" என்பாள் அவள். மெதுவாக, மெதுவாக.

எனக்கு எதெதற்குப் பயம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன், இடது கையால். சாவி திருப்ப, துணி பிழிய, கரண்டியால் மாவு அள்ள, தரையில் கை ஊன்றி எழுந்திருக்க. கடைசி வரியில், பின்வாசல் படி. அதில் மிகச் சின்ன பயத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். அதைவிட அவள் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. "அமே தினமும் தனாக்கா பூசுவீங்களே, இப்போ யார் அரைத்துக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டாள். பேத்திதான். "நாளையிலிருந்து நீங்களே அரைங்க."

தனாக்கா இங்கே எல்லாப் பெண்களும் முகத்தில் பூசுகிற மரப்பட்டை. சந்தனக்கல் மாதிரி வட்டக் கல்லில் தண்ணீர் தெளித்து, கட்டையை வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். அம்மா வைத்திருந்த கல்லை எடுத்து மடியருகே வைத்தேன். கட்டையைப் பிடித்தபோது விரல் முழுசாக மூடவில்லை. அழுத்தாமல், கல்லின் மேல் கட்டை சும்மா சறுக்குகிற மாதிரி ஒரு வட்டம் போட்டேன். மணிக்கட்டுக்குள் 'களுக்' என்றது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பேத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், "அப்பத்தா, சத்தம் மட்டும்தான்" என்றாள். பிசியோதெரபி அக்கா சொன்னதை அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். இன்னொரு வட்டம். பத்து வட்டத்தில் கல்லில் ஒரு மஞ்சள் ஈரம் தெரிந்தது, விரல்நுனி அளவு. அதை எடுத்துப் பேத்தியின் கன்னத்தில் வைத்தேன். பொங்கலுக்குள் இரண்டு பேருக்கும் போதுமான தனாக்கா அரைத்துவிடுவேன்.

நேர்கோடாகத் தேறவில்லை. தை முதல் வாரம் ஆசைப்பட்டு ஒரு சின்ன வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டேன், இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது, பயமும் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் வந்து, "வாளியை விட்டுடுங்க, கரண்டிக்குத் திரும்புங்க" என்றாள். திரும்பினேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பின்வாசல் படிக்குப் போனேன். மழை இல்லாத காலம். பாசி காய்ந்து கறுப்புப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது படியில் உட்கார்ந்து, நான் விழுந்த அதே இடத்தில் வலது உள்ளங்கையை வைத்தேன். சிமெண்டு வெயிலில் சுட்டது. கொஞ்சம் பாரம் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம். கை தாங்கியது. அந்தச் சத்தம் காதுக்குள் வந்தது, ஆனால் கையிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ, மருமகள் தேடி வந்துவிட்டாள். அந்த வாரம் மறுபடி அந்த 17 கேள்விகளைக் கேட்டபோது 33 வந்தது.

இப்போது தோசை நான்தான் ஊற்றுகிறேன். கரும்பலகையில் எழுதுகிறேன். இடது கை அளவுக்கு வலது கை இன்னும் பின்னால் மடங்கவில்லை, பிடியிலும் பலம் குறைவு. ஒரு வருஷம் வரைக்கும் முன்னேற்றம் இருக்கும் என்கிறாள். எலும்பின் கெட்டியைப் பற்றி டாக்டரிடம் பேசி, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மணிக்கட்டு முறிந்த பெண்கள் இதை விசாரித்தே ஆக வேண்டும், அடுத்த தடவை இடுப்பு எலும்பாக இருந்துவிடக் கூடாது.

அவசரப்பட்டு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். உண்மையாகவே பயப்பட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. கட்டு இறுக்கி விரல் நீலமானால், மரத்துப்போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டு பிரித்த பிறகு கை நெருப்புப் பட்ட மாதிரி எரிந்து, பளபளவென்று வீங்கி, நிறம் மாறி, காரணமில்லாமல் வேர்த்தால் அதுவும் சும்மா விடுகிற வலி இல்லை. கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் திடீரென்று போய்விட்டால், எலும்பில் உரசி உரசித் தசைநாண் அறுந்திருக்கலாம். முறிவு லேசாக இருந்தவர்களுக்குக்கூட சில வாரம் கழித்து இது நடக்கலாம். இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. அதேபோல் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பு மணிக்கட்டை முறுக்கிப் பார்க்கவும் கூடாது. ஆபரேஷன் செய்து எலும்பில் தகடு வைத்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே அசைக்கச் சொல்வார்கள், மாவுக்கட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அவரவர் டாக்டரிடம், "என்றைக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு அசைக்கலாம்?" என்று மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. 'ஆட்டாதே' என்று நீங்கள் சொல்வது பாசத்தில்தான், எனக்குத் தெரியும். என் அக்கா மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் டாக்டர் கூடிவிட்டது என்று சொன்ன பிறகு, சோற்றை நீங்கள் பிசைந்து ஊட்டாதீர்கள். தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நேரமாகும், சோறு சிந்தும். சிந்தட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த வாசகிக்கு எழுதிய பதிலோடு இன்னும் நான்கு வரி சேர்த்து மறுபடி போடுங்கள். கட்டு இருக்கும்போதே விரல், முழங்கை, தோளை அசைக்க வேண்டும் என்று ஒரு வரி. கட்டு பிரித்த அன்றே பிசியோதெரபி கேளுங்கள் என்று ஒரு வரி. அசைக்கும்போது வலிப்பது மறுபடி முறிவது ஆகாது என்று ஒரு வரி. பயமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரைக் கொண்டு, வீட்டுக் கரண்டியும் வெந்நீர்ப் பாத்திரமும் வைத்துச் செய்கிற பயிற்சிகளைப் படத்தோடு ஒரு பக்கம் எழுத வையுங்கள். எங்களைப் போல ஊருக்கு ஊர் டாக்டர் கிடைக்காத இடத்தில் இருக்கிற தமிழர்களுக்கு அந்தப் பக்கம் கத்தரித்து வைத்துக்கொள்ள உதவும். கோயிலில் ஒட்டி வைக்க நான் ஒரு பிரதி எடுத்துக்கொள்வேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. பின்வாசல் படியில் மகன் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்திருக்கிறான், வாரத்துக்கு ஒரு முறை பாசியைச் சுரண்டுகிறோம். எங்கள் தெருவிலேயே இன்னொரு அம்மாள், பூக்கட்டி விற்பவர், சித்திரையில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டு போட்ட முதல் வாரத்திலிருந்து சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போய் அவர் விரல்களை எண்ண வைத்துக்கொண்டிருக்கிறேன், பத்துப் பத்தாக. நாளைக் காலை அவருக்குக் கட்டு பிரிக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன், அந்த மூன்று கேள்விகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தாம்வே, ரங்கூன்.